முடியும்வரை ஓடிய கேசட்

மேலப்பாளையத்தில் அலி அஸ்கரைப் போல எதையும் நம்பாத மனுஷர் இன்னொருவர் கிடையாது. பக்கத்துக் கடைக்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன். அவருடைய கேசட் கடை, சிடி கடையாகி, இப்போது செல்போன் கடையாக நிற்கிறது. பழைய கேசட்டுகளையும் கல்யாண வீடியோக்களையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தருவார். அதோடு மனசு ஆறாது. ஒரு பிரதி கடையில், ஒன்று பத்தமடையில் தங்கச்சி வீட்டில், ஒன்று சவுதியில் தம்மாமில் இருக்கும் மகனிடம். வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் வீடு வெள்ளையடிக்கும்போது எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பார். "ஓடுதான்னு பாக்காம எப்படி வே நம்புறது?" என்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

போன மாசம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து அஸ்ஃபியா தன் உம்மா ஜுபைதா பீவியோடு வந்தாள். கையில் ஒரு கேசட். அந்தக் காலத்தில் சவுதியில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். வீட்டில் அதன்மேலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவார்கள். புருஷன் அங்கிருந்து அனுப்பிய இந்தக் கேசட்டில் ஜுபைதாவும் அப்படித்தான் பதிந்தாள். அனுப்புவதற்குள் அவர் மவுத்தான சாவுச் சேதி வந்துவிட்டது. அஸ்ஃபியா அப்போது கைக்குழந்தை.

"வாப்பா குரல நான் கேட்டதே இல்ல மாமா" என்றாள் அஸ்ஃபியா.

"நான்தான் அழிச்சுப்புட்டேன்" என்றாள் உம்மா. இத்தனை வருஷமும் அந்தப் பாரம் அவளை விடவில்லை.

ஏற்கெனவே ஒரு கடையில் இதைச் சிடியாக்கி, உம்மா குரல் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிடி வெள்ளத்தில் போனது. உதவாதென்று பரணில் போட்ட கேசட் பிழைத்துக்கொண்டது.

அலி அஸ்கர் ஓடவிட்டார். ஜுபைதாவின் இளவயதுக் குரல் ஸலாம் சொல்லி முடித்தது. பிறகு வெறும் இரைச்சல். நிறுத்தத் தெரியாமல் மெஷினை ஓடவிட்டிருக்கிறாள். சிடி போட்டவர் இங்கேதான் எழுந்து போயிருப்பார். இவர்தான் யாரையும் நம்பாதவராயிற்றே, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

டொக்கென்று ஒரு சத்தம், அன்றைக்கு மெஷினை நிறுத்திய இடம். பிறகு ஒரு ஆண்குரல்.

"...பிள்ளைய பனியில கொண்டு போவாத. ஜுபைதா, புதுக் கேசட்டு ஒண்ணும் வாங்க வேண்டாம். இதுலயே பேசி அனுப்பு, என்னா?"

அவ்வளவுதான், நாடா தீர்ந்தது.

"அவுகதான் இதுலயே பேசச் சொல்லிருக்காக" என்று ஜுபைதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "இன்னொரு மட்டம் போடுங்க மாமா" என்றாள் அஸ்ஃபியா.

"இரு பிள்ள" என்றார் அலி அஸ்கர். இனி யாரும் மேலே பதிந்துவிடாதபடி கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் ஒடித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஓடவிட்டார்.