கண்ணில் நின்ற எண்ணெய்

சேலத்து வெள்ளைக்கல் குழியில் வெடி வைப்பது என் அப்பாவின் வேலை. திரி கொளுத்தும் முன் உள்ளே ஆள் யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்வதும் அவர்தான். 1960களின் தொடக்கத்தில் ஒரு நாள், உச்சி வெயிலில், "ஏனுங்க, தள்ளிப் போங்க சாமி, வெடி வைக்கோணும்" என்று ஒரு பாறையிடம் அரை மணி நேரம் கெஞ்சியிருக்கிறார். கடைசியில் கையைப் பிடித்து இழுக்கவே போய்விட்டார். குழியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கேள்விப்பட்டு நானும் சிரித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அம்மாவும் நானும் அவரை அஸ்தம்பட்டியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு கருவிழி மேலயும் எண்ணெய்ச் சொட்டு மாதிரி மஞ்சளா நிக்குது. அபூர்வமா வர்றது. திங்கக்கிழமை வாங்க, வைத்தியம் சொல்றேன்."

'மாதிரி' மட்டும் அம்மா காதில் விழவில்லை. அப்பா சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைப்பவர். அதுதான் கண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினாள். தலையில் எண்ணெய் போக எங்கள் பக்கம் அரப்புத்தூள்தான் தேய்ப்போம். அதைக் கரைத்து, துணியில் வடிகட்டி, கண்ணுக்கு இரண்டு சொட்டு விட்டாள். அப்பா அலறிக்கொண்டு வாசலைச் சுற்றி ஓடினார். "பழைய எண்ணெய்ங்க, இன்னொருக்கா உடோணும்!" என்று கிண்ணத்தோடு அம்மாவும் பின்னால் ஓடினாள்.

திங்கள் வரை காத்திருக்க முடியவில்லை. செக்கச்சிவந்த கண்ணைப் பார்த்து டாக்டர் பதறினார்.

"என்னம்மா ஊத்துனீங்க?"

"அரப்புங்க. நல்லா வடிகட்டித்தானுங்க."

"மாதிரின்னுதானே சொன்னேன்!"

வருஷக்கணக்காக வெள்ளைக்கல்லில் பட்டுத் தெறித்த வெயிலும் தூசியும் செய்த வேலை அது என்று பிறகு விளக்கினார். சிவப்பு அடங்கியதும், மரத்துப்போக மருந்து விட்டு, சின்னக் கத்தியால் மேலாகச் சுரண்டி எடுத்தார். முதலில் ஒரு கண், அது ஆறியபின் மற்றது. திரும்பவும் வரலாம், வெயிலில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகக்கூடாது என்றார்.

பார்வை தெளிந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, குழியில் வேலை வாங்கும் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். "எப்ப வாரீங்க? அந்தப் பாறை உங்களைக் கேட்டுட்டே இருக்குதுங்க" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அப்பா சிரிக்கவில்லை. "நான் இனி வெடிக்கு வரலீங்க" என்றார். "கல்லை ஆளுன்னு நெனச்சதுக்குச் சிரிக்கறீங்க. அதே கண்ணுல ஒரு ஆளைக் கல்லுன்னு நெனச்சிருந்தா?"