இரண்டு அகலத் திரைகளும் என் மெரூன் ஸ்வெட்டரும்

கனடாவில் இருக்கும் எங்கள் மகன் ஒரே வாரத்தில் இரண்டு மானிட்டர்களை வீட்டுக்கு வரவழைத்துவிட்டான். இரண்டும் அகலத் திரைகள். ஒன்று முப்பத்துநாலு அங்குலம், மற்றது நாற்பத்தொன்பது. "மம்மிக்கு எது சரியா வருதோ அதை வெச்சுக்குங்க டாடி. இன்னொண்ணை வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. சீக்கிரம் சொல்லணும்" என்றான்.

அவை மம்மிக்குத்தான் வந்தன, எனக்கல்ல. என் மனைவி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு மகன் அவளுக்கு லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். சனிக்கிழமை நமக்கு மாலை, அவனுக்குக் காலை. இரண்டு பேரும் ஆளுக்கொரு லாரியில் ஐரோப்பாவைச் சுற்றுவார்கள். முன்னால் அவன், பின்னால் இவள். போனில் "ம்", "சரி" என்று முடித்துக்கொள்கிற பையன், கையில் ஸ்டீயரிங் வந்துவிட்டால் வாய் ஓயமாட்டான். முதுகுவலி, பக்கத்து வீட்டுப் பனி, தான் வைக்கும் சாம்பார் ஏன் புளிக்கிறது என்பது வரை ஆல்ப்ஸ் மலை ஏறும்போதுதான் சொல்வான்.

போன வருடம் அவளுக்கு மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டது. கையும் காலும் மெல்லத் திரும்பி வந்துவிட்டன. பார்வையில் இடது பாதி மட்டும் திரும்பவில்லை. இரண்டு கண்ணிலுமே இடப்பக்கம் இல்லை. தட்டின் இடது பாதியில் இருக்கும் பொரியலைத் தொடாமல் எழுந்துவிடுவாள். கண் மருத்துவமனையில் பயிற்சி தரும் பெண், "எதைப் பார்த்தாலும் இடது ஓரத்துல ஒரு சிவப்பு நாடா ஒட்டுங்க. அந்த நாடா தெரியற வரைக்கும் தலையைத் திருப்பணும், அதுதான் பழக்கம் ஆவணும்" என்றாள்.

ஐரோப்பாவில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. எதிரே வருவதெல்லாம் இடப்பக்கம் வரும். எங்கள் பழைய சின்ன மானிட்டரில் இவள் எதிர்வந்த லாரியில் மோதினாள், பிறகு பேருந்தில், பிறகு மறுபடியும் லாரியில். "நான் இனிமே வரலடா, என்னால உன் லோடு கெட்டுப் போவுது" என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். அதன்பின் சனிக்கிழமைகளில் மறுபடியும் "ம்", "சரி" என்றாகிவிட்டது. அவள் அந்த நேரத்துக்குப் பால்கனியில் நின்று, கீழே மேம்பாலத்தில் போகும் கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வண்டிகளை எண்ணுவது என் வழக்கம், அவளுடையதல்ல.

ஆகவே இந்த மானிட்டர் விஷயத்தில் தப்பு நடக்கக்கூடாது என்று எனக்கு ஒரே பதற்றம். நான் கோலார் தங்கவயலில் சர்வே ஆபீசில் படம் வரைந்தவன். சுரங்கத்தின் வெட்டுப்படம் இரண்டு மேசை நீளத்துக்குப் போகும். அகலமான தாள் எனக்குப் புதிதல்ல. இரண்டு திரைகளும் கொஞ்சம் வளைந்தவை என்பதால் ஸ்டீல் ஸ்கேலால் நேராக ஒருமுறையும், தையல் டேப்பை வளைவோடு வைத்து ஒருமுறையும் அளந்தேன். "கண்ணாடியில கீறல் போட்டா ரெண்டையுமே நம்ம தலையில கட்டுவாங்க" என்றாள் அவள். ஸ்கேலை எடுத்துவிட்டேன்.

பெரியது ஏறக்குறைய நாலடி. எங்கள் மேசை ஐந்தடி. அதை வைத்ததும் அறையே அதன் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆனால் என்ன அகலம்! எங்கள் சர்ச்சின் மாத மடலை நான்தான் தட்டச்சு செய்து பக்கம் போடுகிறேன். அதில் நாலு பக்கத்தையும் வரிசையாகத் திறந்துவைக்க முடிந்தது. ஒன்றாம் பக்கத்துப் பிழையைத் திருத்தும்போதே நாலாம் பக்கத்தில் இடம் போதுமா என்று தெரிந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு வசதியை நான் கண்டதில்லை. சின்னதில் இரண்டு பக்கம் தாராளமாக வந்தது, மூன்றாவது நெருக்கியடித்தது. எழுத்து இரண்டிலும் ஒரே அளவு, ஒரே கூர்மை. விளையாட்டில் படம் ஓடும்போது பெரியதுதான் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. சின்னதில் இருட்டுச் சுரங்கப்பாதைக்குள் போனால் மங்கலாக ஒரு நிழல் பின்னாலேயே இழுபட்டது. பெரியது சூடும் அதிகம், முகத்தில் படும்.

என் கணக்கு எளிமையானது. பாதி போனாலும் பெரியதில் மிச்சம் அதிகம்.

இருந்தாலும் சோதிக்காமல் விடுவேனா? திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கறுப்பு வட்டங்களை வரிசையாக வரைந்து, சிவப்பு நாடாவையும் இடது ஓரத்தில் ஒட்டி, காலையில் ஒருமுறை, காப்பிக்குப் பிறகு ஒருமுறை அவளை உட்காரவைத்து எண்ணச் சொன்னேன்.

"பத்து."

பெரியதிலும் பத்து, சின்னதிலும் பத்து. ஒருநாள்கூடத் தப்பவில்லை. பெரியதையே வைத்துக்கொள்ளலாம் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். "மம்மி ஓட்டிப் பார்த்தாங்களா?" என்று கேட்டான். "வட்டம் எண்ணிட்டாடா, அது போதும்" என்றேன்.

சனிக்கிழமை வரை காத்திருக்காமல் மகன் அன்று மாலையே அவளை ஓட்டவைத்தான். முதல் வளைவிலேயே எதிரே வந்த எண்ணெய் டாங்கரில் மோதினாள். மகன் சிரித்துச் சமாளித்தான். அடுத்து ஒரு கார். ஹெட்போனை அவள் கழற்றவில்லை, ஆனால் அதில் விரல் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வட்டங்களைத் திறந்தேன். அவசரத்தில் வேறு படம் திறந்துவிட்டது. நான் பாதியில் விட்டது, ஏழே வட்டங்கள். கவனிக்கவில்லை. அவள் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "பத்து" என்றாள். அதன் பிறகுதான் நானே திரையைப் பார்த்தேன்.

"ஏம்மா, ஏழுதானே இருக்குது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிரித்தாள். "நீங்க எப்பவும் பத்துதானே போடுவீங்க. துணிக்குக் கிளிப்பு போட்டாலும் பத்து, பட்டாணி உரிச்சாலும் பத்துப் பத்தா குவிக்கறீங்க. இதை எண்ணிப் பாத்துதான் தெரிஞ்சுக்கணுமா?"

"அப்போ இத்தனை நாளும்?"

"இத்தனை நாளும்தான்."

"இன்னாத்துக்கு இப்படிப் பண்ணே?"

"அஞ்சுன்னு சொன்னா நீங்க தூங்குவீங்களா? அதுவுமில்லாம அந்த நாலு பக்கத்தைப் பாத்து உங்க மூஞ்சி எப்படி மலர்ந்துச்சுன்னு நீங்க பாக்கல. நான் பாத்தேன். வலது பக்கம் நல்லாத்தானே தெரியுது எனக்கு."

நாடா என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அத்தனை தூரம் போய்த் தேட நினைவு வருவதில்லை என்றாள்.

சனிக்கிழமை சின்னதை மேசையில் வைத்தோம். பெரியது பெட்டிக்குள் போனது. சின்னதை வலப்பக்கம் தள்ளி வைத்ததும் மேசையின் இடப்பக்கத்தில் ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் மிஞ்சியது. மாத மடலை முடிக்கவேண்டியிருந்தது. என் பழைய லேப்டாப்போடு அங்கே உட்கார்ந்தேன். குளிர்ந்ததால் மெரூன் ஸ்வெட்டரைப் போட்டிருந்தேன். வழக்கம்போல வரிகளை முணுமுணுத்து எண்ணிக்கொண்டிருந்தேன்போலும்.

"ஸ், சத்தம்!" என்று என்னை அதட்டத் திரும்பினாள். அப்படியே, "ஐயோ, பஸ்ஸு!" என்று பிரேக்கை மிதித்தாள். பேருந்து உரசாமல் போனது.

"மம்மி, சூப்பர்! பாத்துட்டீங்க!" மகனின் குரல் ஹெட்போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"இவர் முணுமுணுத்தார்டா. திட்டத் திரும்பினேன், பஸ்ஸு தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு நான் முணுமுணுக்கவில்லை. ஆனாலும் அவள் அடிக்கடி திரும்பினாள். என்னைப் பார்ப்பாள், அந்த வழியிலேயே சாலையின் இடது ஓரத்தையும் பார்த்துவிடுவாள். ஒருமுறை வேலியில் இடித்தாள். லோடு போய்ச் சேர்ந்தது. வழியில் மகன், வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பதைச் சொன்னான். எங்களுக்கு அதுவரை தெரியாத செய்தி. "ராத்திரி ஒழுங்கா சாப்பிடறியா, அதை மொதல்ல சொல்லு" என்று கேட்டபடி அவள் மெதுவாக மலை இறங்கினாள்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டாள். "டாடி, அப்போ எதை வெச்சுக்கறீங்க?" என்றான் மகன். பெரியதில் படம் வழுக்கிக்கொண்டு போவதைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அவள் குறுக்கே விழுந்தாள்.

"சின்னதுதான்டா. பெரிசை வெச்சா இவர் நாற்காலியை எங்க போடறது?"

பெரியதை வந்து எடுத்துப் போனார்கள். மாத மடலை இப்போது இரண்டிரண்டு பக்கமாகப் பார்க்கிறேன், நாலாம் பக்கத்தில் இடம் போதாமல் அவ்வப்போது திண்டாடுகிறேன். சிவப்பு நாடா இன்னும் திரையின் ஓரத்தில் இருக்கிறது. போன சனிக்கிழமை அதைக் காட்டி, "இப்போ இது தெரியுதா?" என்று கேட்டேன். "அதை யாரு பாக்கறா? உங்க ஸ்வெட்டர் தெரியுதே" என்றாள்.

பங்குனி வெயில் வந்துவிட்டது. மின்விசிறி ஓடுகிறது. சனிக்கிழமை மாலையில் மட்டும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.