மச்சானின் சுருமாக் கல்

என் அக்காவின் கணவர் சூலியா தெருவில் அத்தர் கடை வைத்திருந்தார். எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். ஒருநாள் கடை முகப்பில் பச்சைப் பட்டு விரித்து, பளபளக்கும் கருங்கல் ஒன்றை வைத்தார். அரபு நாட்டுப் பக்கம் இருக்கும் புனிதமான தூர்சீனா மலையிலிருந்து வந்ததாம். பொடித்துச் சுருமாவாகக் கண்ணில் இட்டால் கிழவனும் ஊசியில் நூல் கோத்துவிடுவானாம்.

நான் அப்போது வெள்ளீயம் உருக்கும் ஆலையில், சுரங்கங்களிலிருந்து வரும் மணலைச் சோதிக்கும் அறையில் வேலை பார்த்தேன். கல்லை எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அந்த அளவுக்கு அத்தனை கனம் இருக்கக் கூடாது. விரலில் கரி ஒட்டியது. காரீயமும் கந்தகமும் சேர்ந்த கல் அது. வெள்ளீய மணலோடு வந்தால் உலோகத்தைக் கெடுத்துவிடும் என்று பொறுக்கி, ஆலைக்குப் பின்னால் கொட்டுவோம்.

"யாரு கொடுத்தா மச்சான்?"

"மக்காவிலேருந்து வந்த ஹாஜியாரு."

"எங்க குப்பையை அள்ளுற வண்டிக்காரனா இருக்கும். அசல் சுருமாக் கல் ஊசி ஊசியா இருக்கும். இது காரீயம், விஷம்."

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மச்சான் அவர்கள் பக்கம் திரும்பினார். "மண்ணு சலிக்கிறவரு எனக்குப் பாடம் சொல்றாருலா!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்த இரும்பு உலக்கையால் கல்லை ஓங்கி அடித்தேன். அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாகச் சிதறியது. ஒரு கட்டியை மறுபடி அடித்தேன். இன்னும் சின்னச் சதுரங்கள்.

"பாருங்க, இப்படி உடைஞ்சா காரீயக் கல்லுதான்" என்றேன்.

மச்சான் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "யா அல்லாஹ்! மக்காவுல இருக்கிற கஃபா வடிவம்! எத்தனை தடவை உடைச்சாலும் கஃபா!"

சிரித்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒருவர் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் எல்லாம் விற்றுப்போனது. தரையில் நான் சிந்திய தூளைக்கூட மச்சான் கூட்டியள்ளிப் பொட்டலம் கட்டினார். படித்த படிப்பை வைத்து நான் அவருக்கு வியாபாரம் பண்ணிக் கொடுத்திருந்தேன்.

நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம், பிள்ளைகள் கண்ணில் அதைத் தீட்டிவிடாதே என்றேன்.

அவள் மீனைக் கழுவியபடியே சொன்னாள்: "அந்த மனுசன் சொல்றதை நான் காதுலயே போட்டுக்கறதில்ல. கண்ணுலயா போடுவேன்?"