சிவப்புத் தண்டு வறை

ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்றால் அம்மாவுக்குத் திருவிழா. யாழ்ப்பாணத்திலிருந்து என்னுடன் சில மாதங்கள் இருக்க மெல்பேர்னுக்கு வந்தவர், கடற்கரையையோ உயர்ந்த கட்டடங்களையோ பார்த்து அசரவில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் விவசாயிகள் கூடாரம் போட்டு விற்கும் அந்தச் சந்தையைக் கண்ட பிறகுதான் முகம் மலர்ந்தது. மண் ஒட்டிய கரட், வேரோடு கொத்தமல்லி, ருசி பார்க்க நீட்டும் அப்பிள் துண்டு. கத்தரிக்காயை நகத்தால் அமுக்கிப் பார்ப்பார். விற்பவர் முகம் சுளித்தால் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்த மனிதரும் சிரித்துவிடுவார். மானம் போவது எனக்குத்தான்.

அம்மாவுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் காய்கறியின் இலையையும் விடமாட்டார். பீட்ரூட் இலை, முள்ளங்கி இலை, கோலிஃபிளவர் தண்டு எல்லாம் எங்கள் குசினி அடுப்பில் துருவிய தேங்காய்ப்பூ போட்டு வதக்கிய வறையாகிவிடும். இந்த ஊரில் இலையை வெட்டிக் குப்பையில் போடுவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். அன்று நான் முட்டை வாங்க வரிசையில் நிற்க, பக்கத்துக் கூடாரத்தின் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து ஒரு கட்டு இலையை அள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

"சும்மா எறியிறாங்கள், பிள்ளை. நல்ல சிவப்புத் தண்டுக் கீரை."

பின்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டார்களோ என்ற வெட்கத்தில், பைக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்காமல் அவரைக் காருக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மறுநாள் நகரத்தில் வேலை. மதிய இடைவேளையில்தான் கைபேசியைப் பார்த்தேன். காலையிலேயே அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். பலகையில் விரித்துவைத்த பெரிய பெரிய இலைகள், சிவந்த காம்புகள். வறை செய்யப் போவதாக ஒரு குரல் செய்தி. அம்மாவின் சாமர்த்தியத்தைக் காட்டப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் படத்தை நீட்டினேன். வீட்டில் தோட்டம் வைத்திருப்பவள் அவள். சிரித்தபடி பார்த்தவள் சிரிப்பை நிறுத்தினாள். இது ரூபார்ப் அல்லவா என்று கேட்டாள். காம்பை மட்டும்தான் சீனி போட்டு வேகவைத்துச் சாப்பிடுவார்களாம். இலை நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றாள்.

அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை வியாதி. சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருக்கிறது, கவனம் என்று ஊர் டொக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அம்மாவுக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மத்தியானம் படுக்கும்போது கைபேசியின் சத்தத்தை நிறுத்திவிடுவது அவர் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வேலையைப் பாதியில் விட்டுப் புறப்பட்டேன். வீட்டுக்குப் போகும் டண்டினொங் ரயிலில் ஏறி இருந்துகொண்டு, நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் இலக்கத்துக்கு அழைத்தேன். எவ்வளவு சாப்பிட்டார், வாந்தி உண்டா, சிறுநீர் போகிறதா என்று அமைதியாகக் கேட்டார்கள். அம்மாவின் சிறுநீரகம் பலவீனம் என்பதை மட்டும் சொன்னேன். உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் ஆற அமர நின்றது. ஏறுபவர்கள் இறங்குபவர்கள் எல்லோர் மீதும் எரிச்சல் வந்தது. கதவைத் திறக்கும்போது அம்மா தரையில் கிடப்பது போலவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா சோபாவில் சுருண்டு படுத்திருந்தார். தொட்டு உலுப்பினேன். கண் திறந்தார்.

"ஏன் நேரத்தோட வந்தனீ? சுகமில்லையே?"

நான் குசினிக்கு ஓடினேன். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் எனக்கென்று சோறும் பருப்பும் மட்டும் இருந்தன.

"வறை எங்கை, அம்மா?"

"சாப்பிட்டு முடிச்சிட்டன்."

"முழுக்கவோ?"

"ஓம். வயித்தை ஒரு மாதிரிப் பிரட்டினது, அதுதான் படுத்தனான்."

ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது இலை நஞ்சு என்று சொன்னேன். "நீ தொடேல்லைத்தானே?" என்று அம்மா கேட்டார்.

இரத்தம் எடுத்தார்கள், கையில் சேலைன் ஏற்றினார்கள். முடிவு வரும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். பயம் தாங்காமல் அவர் மேல் சினந்தேன். வாயில் வைக்கும்போதே வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரிஞ்சதுதான். நாக்கு அரிச்சது, தொண்டையும் எரிஞ்சது."

"பிறகேன் சாப்பிட்டனீங்கள்?"

"தேங்காய்ப்பூ எல்லாம் போட்டுச் செய்தது. எறிய மனம் வரேல்லை. அரிக்கிறதை உனக்கு வைக்கேலுமே? அதுதான் நானே முடிச்சுப்போட்டன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. சின்ன வயதில் எங்களுக்கு நல்ல சோற்றைப் போட்டுவிட்டு, குசினியில் தனியே இருந்து அவர் சாப்பிட்டது என்னவென்று நான் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

கடவுள் புண்ணியத்தில் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். விசாத் தவணை முடிந்து அம்மா ஊருக்கும் போய்விட்டார். இப்போது அங்கே தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறார். தினமும் வீடியோவில் அழைத்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன்.

"நல்லாத்தான் சாப்பிட்டனான், பிள்ளை" என்கிறார். கமராவைத் திருப்பித் தட்டைக் காட்டச் சொல்கிறேன். கழுவி வைத்துவிட்டதாகச் சொல்கிறார்.