மாடியறையிலிருந்து பாரிஸுக்கு

எங்கள் லாஸ்பேட்டையில் நிஜமான விமான நிலையம் ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு அங்கே வந்து போகும் விமானங்களை எண்ண ஒரு கை போதும். என் தலைக்கு மேலே, மாடி வீட்டு ஜெர்ரியின் அறையிலிருந்து கிளம்பும் விமானங்களை எண்ண இரண்டு கையும் இரண்டு காலும் போதாது. நான் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஹேமலதா. மேலே ஒவ்வொரு முறை விமானம் கிளம்பும்போதும் என் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் அவன் வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கரின் வேலை அது.

"நெஜத்துல சீட்டு அதிரும்க்கா, அதான்" என்பான். நிஜத்தில் அவன் விமானத்தில் ஏறியதே கிடையாது.

ஜெர்ரி ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் உதவியாளன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் ஏர்போர்ட் மதிலோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு, வராத விமானத்துக்காக இருட்டும் வரை நிற்பான். பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்தக் கதைதான். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் படிப்பைப் பற்றி வாயைத் திறக்க முடியுமா? வேறு பையனாக இருந்தால் தாடி வளர்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். இவன் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு வேனின் முன்சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படியில் என்னென்னவோ ஏறிப் போயின. பிளம்பர் வெட்டிப் போட்ட பைப் துண்டுகள் ஸ்டியரிங் ஆயின. குக்கர் கைப்பிடி இரண்டும் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பிகளுக்குத் தலையாயின. சக்கரத்தை இறக்கும் குமிழ் என் மிக்ஸியினுடையது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிப்போன மிக்ஸி, ஒரு ஸ்க்ரூவைத் திருகி ஓட்டும்படி திரும்பி வந்தது. கல்லூரியில் கழித்துப் போட்ட மானிட்டர்கள் மூன்றை வரிசையாக நிறுத்தி, விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டு, அதற்குள் ஆகாயத்தைக் கொண்டுவந்துவிட்டான். அவனைத் திட்டுவதற்கென்றே ஒரு நாள் மேலே போனேன். நம்ம கடற்கரை, நம்ம கலங்கரை விளக்கம், எல்லாம் கீழே சின்னதாக நழுவிப் போவதைக் காட்டினான். திட்ட மறந்துபோய் இறங்கி வந்தேன்.

பைத்தியம்தான், ஆனால் ஒழுங்கான பைத்தியம். குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டுதான் சீட்டில் உட்காருவான். நிஜத்தில் எத்தனை மணி நேரமோ அத்தனை மணி நேரமும் பறப்பான். நடுவழியைச் சட்டென்று தாண்டிப்போகும் வசதி அந்த விளையாட்டில் இருக்கிறதாம். அது ஏமாத்து வேலை என்று தொடமாட்டான்.

இந்த நிலையில்தான் அவன் அக்கா ஜோவிதாவுக்குத் தலைப்பிரசவம் வந்தது. அவள் பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். அங்கே மாமியாரும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. "அம்மா வந்தாதான் எனக்குத் தைரியம்" என்று தினமும் போனில் அழுகை. அம்மா ஸ்டெல்லாமேரிக்கு விசாவும் வந்துவிட்டது. ஆனால் ஸ்டெல்லாக்கா விமானத்தில் ஏறமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார்.

"வில்லியனூர் மாதா திருவிழால ராட்டினம் ஏறி, நடுவுலயே நிறுத்தச் சொல்லி எறங்குனவ நானு. எங்க தாத்தா கப்பல்லதான் பிரான்சுக்குப் போனாரு. நானும் கப்பல்லயே போறேன்."

"இப்ப கப்பல் கெடையாதும்மா."

"அப்ப அவளை இங்க வரச் சொல்லு."

நிறைமாசத்தை நெருங்கும் பெண்ணை எந்த விமானத்தில் ஏற்றுவார்கள்? ஸ்டெல்லாக்காவுக்கும் அது தெரியும். பயம் வந்துவிட்டால் நியாயம் வெளியே போய்விடும். மகளை நினைத்து அழுவார், விமானத்தை நினைத்து அதைவிட அதிகமாக அழுவார்.

ஜெர்ரி அம்மாவை வீட்டிலேயே பழக்குவது என்று முடிவு செய்தான். தன் சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பழைய ஸ்கூல் பேக் பட்டையைப் பெல்ட்டாகக் கட்டினான். முதல் நாள் விமானம் மேலேறி அரை மணிகூட ஆகவில்லை, ஸ்டெல்லாக்கா பட்டையை அவிழ்த்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அம்மா, கதவத் தொறக்காத! முப்பதாயிரம் அடில இருக்கோம்!"

"பாலு பொங்குதுடா!"

கதவைத் திறந்துகொண்டு முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். மகன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இப்படி நாலைந்து முறை ஆன பிறகு, வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பாரிஸ் வரை முழுசாக ஒரே மூச்சில் போவது, நடுவில் யாரும் இறங்கக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினான்.

ஸ்டெல்லாக்கா எந்தக் காரியத்துக்கும் கோயிலில் சொல்லாமல் கிளம்பமாட்டார். பக்கத்திலிருக்கும் கருவடிக்குப்பத்துக்குத் துணி எடுக்கப் போவதென்றாலும் மாதாவிடம் ஒரு வார்த்தை. அதனால் இந்தப் பயணத்துக்கும் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறு காலை முதல் பூசையில் ஃபாதர் கணீரென்று படித்தாராம்: "பிரான்ஸ் நாட்டுக்குப் பயணமாகும் ஸ்டெல்லாமேரி நலமாகச் சென்று சேர மன்றாடுவோம்." கோயிலே மன்றாடிவிட்டது.

எங்கள் ஊரில் ஒருத்தர் பிரான்சுக்குப் போகிறார் என்றால் அவர் மட்டும் போவதில்லை. தெருவில் இருக்கும் ஒவ்வொரு வீட்டு வடகமும் அங்கிருக்கும் சொந்தங்களுக்காக அவரோடு போகும். பூசை முடிந்து வெளியே வந்த ஸ்டெல்லாக்காவின் கையில் இரண்டு பொட்டலம். வீட்டுக்கு வருவதற்குள் ஏழு. "தம்பிக்கு மாங்கா ஊறுகா", "பேத்திக்குப் பாவாடை", "மருமவனுக்குப் பிடிச்ச நெத்திலிக் கருவாடு, நாலு கவர் போட்டுச் சுத்திருக்கேன், நாத்தம் வராது".

"ஏன்க்கா, ரூமுக்குள்ள பறக்குறதுக்கா பூசை குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"அதுலயும் பயமாத்தான இருக்குது, ஹேமா!"

"சரி, உண்மையச் சொல்லிடுங்க."

"பூசைல படிச்சிட்டாரு. நான் எப்படி இல்லைனு சொல்றது? சேசுவே, ஊரு முழுக்க எனக்காக முட்டி போட்டுட்டாங்களே!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதற்குள் ஜெர்ரி மேலிருந்து "நேரமாவுதும்மா" என்று கத்தினான். அவர் ஜெபமாலையோடு ஏறிப் போய்விட்டார். அம்மாவும் மகனும் ஆகாயத்தில் இருந்ததால், அன்று பகல் முழுக்க வந்த பொட்டலங்களை வாங்கி வைத்த பாவி நான்தான். என் வீட்டுக் கூடம் மளிகைக் கடை மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் தெரு பிரான்சுவா மாமா மட்டும் என்னிடம் கொடுக்க மறுத்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பேரனுக்கு வாங்கிய மோதிரத்தை ஸ்டெல்லாமேரி கையில்தான் தருவேன் என்று படியேறினார். பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறந்தால், ஸ்டெல்லாக்கா பட்டை கட்டி, கண்ணை இறுக மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார். முன்னால் வெள்ளைச் சட்டையில் ஜெர்ரி.

மாமா நிதானமாகப் பார்த்தார். "எங்க போயிக்கிட்டு இருக்குது?"

"ஜெர்மனி தாண்டிட்டோம், மாமா. எறங்க ஆரம்பிச்சாச்சு."

சிரிப்பார், தெருவுக்கே சொல்வார் என்று நான் பயந்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். "நீயும் உக்காரும்மா, எறங்கும்போது நிக்கக்கூடாது" என்றார் என்னிடம். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் பாரிஸ் தெரிந்தது. ஜெர்ரியின் முதுகு விறைத்தது. ஓடுபாதை பெரிதாகிக்கொண்டே வந்தது.

"ஃப்ளைட்ல குடிக்கக் கஃபே குடுப்பாங்களே, இதுல இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே மாமா எழுந்து, அலமாரியில் இருந்த எலக்ட்ரிக் கெட்டிலை எடுத்து, மானிட்டர்கள் சொருகியிருந்த அதே பலகையில் சொருகி ஸ்விட்சைத் தட்டினார்.

பட்டென்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய்விட்டது. பாரிஸ் இல்லை, ஆகாயம் இல்லை, ஃபேன்கூட இல்லை.

"என்னாடா ஆச்சி?" ஸ்டெல்லாக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

விமான விஷயத்தில் ஜெர்ரிக்குப் பொய் வராது. "விழுந்துட்டோம்மா" என்றான். "எறங்குற நேரத்துல விழுந்துட்டோம். பேசஞ்சரைக் கொன்னுட்டேன்க்கா" என்று என்னைப் பார்த்து அழுதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. காலையிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் ஓட்டியிருக்கிறான்.

ஸ்டெல்லாக்கா மெல்லக் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், கெட்டிலோடு நிற்கும் மாமாவைப் பார்த்தார், தன் கைகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இவ்ளோதானா?"

மாமா கெட்டிலை மெல்லக் கீழே வைத்தார்.

"விழுந்தா இவ்ளோதானாடா? இதுக்கா இத்தினி நாளு பயந்து செத்தேன்? கண்ண மூடுனேன், தொறந்தேன், அவ்ளோதான்!"

"நெஜத்துல அப்படி இல்லம்மா…" என்று ஆரம்பித்தான், ஒழுங்கான பைலட். நான் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

"டிக்கெட்டு போடுடா. கருவாடு வேற காத்துக்கினு இருக்குது."

ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டார். சென்னை ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். விடியாத நேரம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஜெர்ரி நின்றான். உலகத்தில் பாதி ஓடுபாதைகளை மனப்பாடமாகச் சொல்கிறவன், அந்தக் கதவைத் தாண்டியதில்லை. ஸ்டெல்லாக்கா இரண்டு பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். முகம் வெளுத்துத்தான் இருந்தது. இவ்ளோதானா என்று சொன்னவர்தான், ஆனாலும் வாய் ஜெபத்தை விடவில்லை. பயந்துகொண்டேதான் போனார்.

அவர் துபாயில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில், ஜெர்ரி என்னையும் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் வாடகைக் காரை விரட்டி வீடு வந்து சேர்ந்துவிட்டான். குளித்தான், சவரம் செய்தான், வெள்ளைச் சட்டையை மாட்டினான். பகலில் என் அலமாரி டம்ளர்கள் ஆட ஆரம்பித்தன. துபாயிலிருந்து பாரிஸுக்கு அதே விமானம், அதே பாதை, அம்மாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. சாயங்காலம் தட்டில் சோறு எடுத்துக்கொண்டு மேலே போனேன். பின்னால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை.

இந்த முறை பூப்போல இறங்கினான். ஓடுபாதை ஓரமாக விமானம் மெல்ல உருண்டுகொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஜோவிதாவின் நம்பர், குரல் அம்மாவுடையது.

"வந்துட்டேன்டா ஜெர்ரி! புள்ளையக் கட்டிப் புடிச்சிக்கினுதான் பேசுறேன். வயிறு எவ்ளோ பெருசு தெரியுமா? சீட்டுதான் நம்மளோடதவிட சின்னது, காலே நீட்ட முடியல. நீ எங்கடா இருக்க?"

ஜெர்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் பின்னாடியேதான்மா வந்தேன். இப்பதான் எறங்குனேன். இன்னும் ரன்வேலதான் இருக்கேன்."

அதற்கு ஸ்டெல்லாக்கா சொன்னார்:

"சரி, வண்டிய ஓரமா நிறுத்திட்டு மொதல்ல சாப்புடு."