வாய் திறக்காத மந்திரங்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் அக்காவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. பெரியப்பா மகள், பாளையங்கோட்டைக்காரி. தில்லியில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கி, அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளை அடக்கக் கத்திக் கத்தியே குரல்நாணில் கட்டி வந்துவிட்டது. அதை வெட்டியெடுத்த டாக்டர், இரண்டு வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். பிறகு குரல் எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார். தற்காலிக வேலை. ஜூலையில் பள்ளி திறக்கும்போது குரல் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. வீட்டில் இதை யாரும் வெளியே சொல்லவில்லை.

நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். ஞாயிறுதோறும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் கட்டிக்கொண்டு, பேசிப் பேசியே கற்பனைக் குகைக்குள் புகுந்து ராட்சசர்களோடு மல்லுக்கட்டுவது. நான், எதிர் பிளாக் தமிழ்ப் பையன், கதையை நடத்தும் கீழ்வீட்டுப் பஞ்சாபி நண்பன். தரியாகஞ்ச் பழைய புத்தக நடைபாதையில் அட்டையில்லாமல் கிடைத்த விதிப்புத்தகம் அவனுக்கு வேதம். அடி விழுந்ததா தப்பியதா என்று தீர்மானிக்கும் இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? தம்போலா ஆட்டத்தின் எண் போட்ட காய்களில் ஒன்று முதல் இருபது வரை எடுத்து எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவை நான்தான் ஆட்டத்துக்கு இழுத்தேன். மந்திரவாதினி வேஷம் கொடுத்தேன். பஞ்சாபிக்காரன் புத்தகத்தைத் தட்டினான். "போலேகீ நஹீன் தோ ஜாதூ கைஸா?" வாயால் சொல்லாவிட்டால் மந்திரம் பலிக்காதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாமே செய்கிற மந்திரத்துக்குப் புத்தக விதி எப்படிப் பொருந்தும் என்று மடக்கினேன். அச்சா, எழுதிக்கொண்டு வா என்றான்.

அப்படித்தான் சைகை மந்திரங்கள் செய்ய ஆரம்பித்தேன். அக்கா மூன்று விரலைக் காட்டினால், குக்கரில் மூன்று விசில் வந்துவிட்டது என்று ராட்சசன் சண்டையை விட்டுவிட்டு அடுப்பை அணைக்க ஓடுவான். கண்ணைப் பொத்தினால் கரண்ட் போய்விடும். எதிரி வாயில் நெருப்பு வராது, வீட்டில் கூலரும் ஓடாது. அம்மா மாதிரி முறைத்தால் எந்தப் பூதமும் கைகால் கழுவிவிட்டு வந்து உட்காரும். இதை அக்கா செய்துகாட்டியபோது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் எப்பளா இப்படி முழிச்சேன்?" என்று அதே முழி முழித்தாள். அக்கா சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் முடிந்தது. இனிப் பேசலாம் என்றார் டாக்டர். அக்கா பேசவில்லை. காபி வேண்டுமா என்றால் தலையாட்டல்தான். பயம். பேசிப் பார்த்தால்தானே குரல் இல்லை என்று தெரியவரும். அப்பா கெஞ்சினார், அம்மா அதட்டினாள். என் சைகைகள் அவளுக்கு வசதியான சாக்காகிவிட்டன என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிறுக்கு வேறு மாதிரி ஒன்று எழுதினேன். பறந்து வரும் எதையும் பார்த்து, "பையா, மீட்டர் ஸே சலோகே?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்; அண்ணே, மீட்டர் போட்டு வருவீர்களா என்று. மீட்டர் என்ற சொல் காதில் விழுந்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கமெல்லாம் வர மாட்டேன் என்று போய்விடும். ஆட்டோக்காரர்களிடம் சீரழியாத தில்லிவாசி உண்டா? நண்பர்கள் இருவரும் படித்துவிட்டு மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள்.

டிராகன் பறந்து வந்தது. என் வீரன் சாகக் கிடந்தான். அக்கா மூன்று விரலைக் காட்டினாள். டிராகன் சமைப்பதில்லை, பச்சையாகத்தான் தின்னும் என்றான் பஞ்சாபிக்காரன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"பையா, மீட்டர் ஸே சலோகே?"

தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி ஒரு குரல். பழைய குரல் இல்லை. பாதியில் உடைந்து, வெறும் காற்றாகிப் போய், மறுபடி ஒட்டிக்கொண்டு வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மேஜையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"சிரிங்கலே," என்றாள், அதே குரலில். "சிரிக்கத்தானே எழுதியிருக்கான்."