கல் இல்லாமல் இறங்க முடியாத மாப்பிள்ளை

மாத்தளையில் இத்ரூஸ் மோட்டார் சைக்கிளை உதைத்தால் கண்டியில் தொட்டில் பிள்ளை விழித்து அழும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். பக்கத்து அலுவிகாரை வரை கேட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம்கூட ஆகாத காலம். அந்த ஐந்நூறு சீசீ வண்டியில் இங்கிலாந்தில் தச்சனும் தபால்காரனும்கூட வேலைக்குப் போவார்களாம். நம் பக்கத்தில் இருந்ததோ ஒன்றே ஒன்று. கப்பலேறிப் போன றத்தோட்டைத் துரை விற்றுவிட்டுப் போனது. துரை ஆறடிக்கு மேல். வாங்கிய இத்ரூஸோ, மிளகுக் கடையில் தராசு முள்ளைப் பார்க்கச் சாக்கின் மேல் ஏறி நிற்கிற ஆள். அரிசி அளக்கிற கொத்தில் பாதிதான் ஆள் என்று ஊர் அவனுக்கு வைத்த பெயர் அரைக்கொத்து.

வண்டியில் உட்கார்ந்தால் முதலாளியின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கலாம். அதற்காகத்தான் உம்மாவின் காணித்துண்டு போனது.

ஒரே சங்கடம், கால் தரைக்கு எட்டாது. ஓடும்வரை அவன் ராஜா. நின்றால் வண்டி சாயும், அதற்கடியில் அவனும் கிடப்பான். ஆகவே வீட்டு வாசல், கடை வாசல், பள்ளிவாசல் மூன்றிலும் கருங்கல் போட்டு வைத்தான். இடது காலைக் கல்லில் ஊன்றி நிறுத்துவான்; அதே கல்லை உந்திப் புறப்படுவான். ஒருநாள் கடைவாசல் கல்லில் எவனோ உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். இத்ரூஸ் நிறுத்த வழியில்லாமல், பல மைல் தள்ளி இருக்கிற நாலந்தா வரை போய்த் திரும்பினான். அந்தச் சிரிப்பு ஊருக்கு ஒரு மாதம் தாங்கியது.

அலுவிகாரை வீதியில் கொக்கோ வியாபாரி பதுர்தீனுடைய மகள் நூருன்னிஸாவை அவனுக்குப் பேசினார்கள். அந்த வீட்டு ஜன்னலைக் கடக்கும்போது அவனைப் பார்த்துச் சிரிக்காத ஒரே முகம் அவளுடையது. அவனுக்கு அது போதும். அவளைக் கைபிடித்துவிட்டால் இனி ஊர் எப்படிக் கூப்பிட்டாலும் தனக்கென்ன என்று நினைத்தான்.

கல்யாணத்துக்கு முதல்நாள், மாட்டு வண்டியில் நல்ல கல்லாக ஒன்று ஏற்றிப் பெண்வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, துருக்கித் தொப்பியும் கோட்டுமாக வந்தான். வாசலில் மாப்பிள்ளையின் கால் கழுவச் செம்போடு நிற்கிறான் பெண்ணின் தம்பி ஸஹாப்தீன். கல்லைக் காணோம்.

"மச்சான், கல் எங்க?" என்று கத்திக்கொண்டே கடந்து போனான் இத்ரூஸ்.

"எந்தக் கல்லு மச்சான்? காலைக் கீழ வையுங்க, கழுவணும்ல!"

விறாந்தை முழுக்கச் சிரித்தது. இத்ரூஸ் வண்டியைத் திருப்பினான். முற்றத்தில் நுழைந்து, வீட்டைச் சுற்றி, மறுபடி வாசலுக்கு வந்தான். படிக்கட்டைப் பார்த்தான், படி முழுக்க ஆட்கள், ஒருவரும் நகரவில்லை.

"யாராவது பிடிங்களேன்! மாமா, நீங்களாவது சொல்லுங்க!"

"மாப்பிள்ளைக்கு இறங்க மனசில்லையாம்!" என்றார் பதுர்தீனின் பக்கத்தில் நின்றவர். பதுர்தீன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். அவன் சுற்றிச் சுற்றியே பொழுது சாய்ந்து, கோழிகள் பலாமரத்தில் ஏறின. நிக்காஹ் எழுத வந்த லெப்பை பதிவுப் புத்தகத்தை மூடினார். ஸஹாப்தீன் செம்புத் தண்ணீரை எட்டி வீசினான். அது இத்ரூஸின் முகத்தில் விழுந்தது. கண் தெரியாமல் கிணற்றுச் சுவரில் மோதினான்.

வண்டி அவன் இடது கால்மேல் கிடந்தது. சூடான புகைக்குழாய் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. தூக்க வந்தவர்களுக்குச் சிரிப்பில் கை வலுவிழந்திருந்தது.

நொண்டி மாப்பிள்ளை வேண்டாம் என்றார் பதுர்தீன். சமைத்த சோறு வீணாகக்கூடாதே. உக்குவளையிலிருந்து விருந்துக்கு வந்திருந்த பெண்ணுக்கு மச்சான் முறையான பையன் ஒருவனோடு அதே மாலை அவளுக்கு நிக்காஹ் நடந்தது. எலும்பு கட்டுகிற வெதமாத்தயா வரும்வரை இத்ரூஸைப் பலாமரத்தடியில் பாயில் கிடத்தியிருந்தார்கள். உள்ளே பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்வதும், ஈரல் யாருக்கு என்று சண்டை போடுவதும் அவனுக்குக் கேட்டது. யாரோ இரக்கப்பட்டு அவனுக்கும் ஒரு தட்டு அனுப்பினார்கள். சாப்பிட்டான். பசித்தது.

பிறகு அவன் வண்டியை உதைக்கவில்லை. உதைக்கிற கால் இருந்தது, ஊன்றுகிற கால் இல்லை. கல்யாணமும் செய்யவில்லை. மிளகுச் சாக்கின் மேல் ஏறி நிற்கவும் முடியாததால் கடை வேலையும் போனது. பள்ளிவாசலில் தொழ வருகிறவர்கள் கைகால் கழுவுகிற ஹவுளுக்குத் தண்ணீர் இறைத்தே செத்தான்.

ஊரைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. புயல் மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்த நாலு அந்தர் எடை இரும்பை எந்த மனிதன் கை நீட்டிப் பிடிப்பான்?

இதை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது, என்னை அக்கா முறை கொண்டாடுகிற நூருன்னிஸா வெற்றிலை மடிப்பதை விட்டு நிமிர்ந்தாள்.

"புயலும் இல்ல, ஒண்ணும் இல்ல ராத்தா. நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேனே. விழுந்துருவோமேன்னு பயந்து பயந்து மெதுவாத்தான் வந்தாரு. வாசல்ல நின்ன யாரு வேணும்னாலும் கூடவே நடந்து போய்ப் பிடிச்சிருக்கலாம்."